வேறு கடையில் வாங்கிய நான்கு டயர்கள்

"என் பொண்டாட்டி எனக்குத் துரோகம் பண்ணிட்டா மேடம்" என்று சொல்லிவிட்டு, வந்தவர் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

துருவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஐம்பது வயதில் பாதியை அடுத்த வீட்டுச் சந்தேகங்களைத் துருவுவதிலேயே கழித்தவள் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுடைய உதவியாளன் கதையும் அப்படித்தான். ஆறடி மூன்று அங்குல உயரம், அதற்குக் கொஞ்சமும் ஈடு கொடுக்காத உடம்பு. 'ஒட்டடை' என்று முதலில் கூப்பிட்டது அவனுடைய அண்ணி. இப்போது பேங்கில் இருப்பவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒட்டடைக்கு அன்று காலையிலிருந்தே மனசு சரியில்லை. போன வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியில் துருவியின் பெயர் நாலு இடத்தில் இருந்தது. அவன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. போட்டோவில் அவனுடைய முழங்கை மட்டும் வந்திருந்தது. எட்டு வருஷமாகக் கூடவே ஓடுகிறவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஆள் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள் துருவி.

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட வந்தேன்."

"என்ன ஆதாரம் இருக்கு?"

"நாலு டயர்."

"லெட்டர் கேள்விப்பட்டிருக்கேன். சட்டையில லிப்ஸ்டிக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றான் ஒட்டடை. "டயர் இப்பத்தான் சார் முதல் தடவை."

வந்தவர் அவனை முறைத்தார். அவர் டயர்க்கடைக்காரர். இருபத்திரண்டு வருஷமாக ஊர் வண்டிகளுக்கெல்லாம் டயர் மாற்றுகிறவர். ரோட்டில் வண்டி போகிற சத்தத்தை வைத்தே என்ன டயர், எத்தனை வருஷம் ஓடியது என்று சொல்லிவிடுவாராம். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்.

"நேத்து சாயங்காலம் அவ வண்டி வீட்டுக்குள்ள வந்துச்சு. சத்தமே இல்ல மேடம். அந்த வண்டிக்கு ஒரு உறுமல் உண்டு, எனக்கு அது பாடம். ஓடிப் போய்ப் பாத்தா நாலும் புதுசு. நாலும்..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலும் வேற கடை!"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'தேவைப்பட்டுச்சு, மாத்தினேன்'னு சொல்லிட்டு விடைத்தாள் திருத்தப் போயிட்டா. டயர்க்கடைக்காரன் பொண்டாட்டிக்கு டயர் தேவைப்பட்டா யார்கிட்ட வரணும்? டயரைப் பத்தி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. இது விஷயம் தெரிஞ்ச கை. எவனோ கூடப் போய் நின்னு, பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்திருக்கான்."

அன்று மாலை ஆறு மணிக்கு டீச்சரின் அண்ணனை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். மச்சான் முன்னிலையில் கேட்டுவிடப் போகிறாராம். அதற்குப் பிறகு டீச்சர் இந்த வீட்டில் இருப்பதா, அண்ணனோடு கிளம்புவதா என்று முடிவாகட்டும் என்றார்.

"ஆனா பேரு இல்லாம எப்படிக் கேக்கறது? ஆறு மணிக்குள்ள எனக்கு அவன் பேரு வேணும்."

"யோசிச்சுக்குங்க" என்றாள் துருவி. "அண்ணன் முன்னாடி தங்கச்சி மேல ஒரு பழியைப் போட்டுட்டா, அப்புறம் அள்ள முடியாது."

"யோசிச்சுட்டேன்" என்றார் அவர். மணி அப்போது ஒன்றரை.

ஒட்டடை வண்டியை ஓட்டினான். டயர்க்கடைக்காரர் அவனுக்குப் பக்கத்தில், துருவி பின்னால். இரண்டாவது தெரு திரும்புவதற்குள் டயர்க்கடைக்காரரின் தலை கண்ணாடியில் சாய்ந்தது. மூன்றாவது தெருவில் குறட்டை ஆரம்பமானது.

"அக்கா, குடும்பம் போச்சுன்னு கண்ணு கலங்கின மனுஷன் இவர்தானே?" என்றான் ஒட்டடை. "கும்பகர்ணனுக்குச் சித்தப்பா மகன் யாராவது உண்டா?"

"எழுப்பாதே. அந்த வேகத்தடை மேல கொஞ்சம் வேகமா ஏத்து."

"வண்டி உங்களுதுக்கா."

"ஏத்துடா."

ஏற்றினான். ஒட்டடையின் தலை கூரையில் இடித்தது. குறட்டை ஒரு சுருதி மாறி, மறுபடி பழைய சுருதிக்கு வந்தது. அடுத்த வேகத்தடையிலும் அதே கதைதான். துருவி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். என்னவென்று அவள் சொல்லவில்லை, கேட்டு மரியாதையைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கும் மனசில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆசிரியர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் டீச்சரின் ஏழு வருஷத்து வெள்ளை வண்டி நின்றது. டயர்க்கடைக்காரர் எழுந்து வந்து, முழங்கால் போட்டு, முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்தார். தூக்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இந்த நாலு எண்ணைப் பாருங்க. முதல் ரெண்டு எந்த வாரம் செஞ்சதுன்னு சொல்லும், அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு. நாலு டயரும் ஒரே வாரம். செஞ்சு மூணு மாசம்கூட ஆகலை. எந்தக் கடைக்காரனும் கிடக்கற பழசைத்தான் முதல்ல தள்ளுவான். இதைக் கேட்டு வாங்கியிருக்கான்."

"அப்புறம்?"

"ரப்பர் மிருது. ஈரத்துல நல்லாப் பிடிக்கும், சத்தம் போடாது. ஆனா சீக்கிரம் தேஞ்சுடும். வீட்டுலேருந்து பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. அதுக்குக் கெட்டி ரப்பர் போதும். விலை குறைவு, அஞ்சு வருஷம் உழைக்கும். அப்ப இந்த டயர் எந்த ரோட்டுக்கு மேடம்? எங்க போயிட்டு வர்றா?" அவர் சக்கரத்தின் உள்பக்கம் விரலை விட்டுத் துழாவினார். "சக்கரம் ஆடாம இருக்க ஒட்டற எடைத்துண்டு. வெளியில தெரியாம உள்ள ஒட்டியிருக்கான். நல்ல வேலைக்காரன்..."

குரலில் பாராட்டு எட்டிப் பார்த்தது. அதை அவரே பல்லைக் கடித்து விழுங்கினார்.

"நாசமாப் போறவன்!"

ஒட்டடைக்கு அந்த நிமிஷம் அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. துருவி ஒரு துப்பை எட்டிப் பிடிக்கும்போதெல்லாம் அவனுக்கும் இதே நெஞ்செரிச்சல்தான் வரும். எதிராளி மட்டமான ஆளாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். கெட்டிக்காரனாக இருந்துவிட்டால் திட்டவும் முடியாது, தூங்கவும் முடியாது.

"காத்தடிக்கற இடத்துல மஞ்சள் மூடி போட்டிருக்கே" என்றாள் துருவி.

டயர்க்கடைக்காரர் எழுந்து நின்றார். முகம் கறுத்துவிட்டது. "மஞ்சள் மூடி போடறவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான். கண்ணாடிக்கடைக்காரன். நாலு வருஷம் முன்னாடி சுவரெல்லாம் கண்ணாடியா வச்சு டயர்க்கடை போட்டான். ஏசி போட்டு, சோபா போட்டு, கஸ்டமரை உக்கார வச்சு ஜூஸ் குடுக்கறான். அவனா?"

"அவர் கடையில வாங்கியிருக்காங்க. அவ்வளவுதான் தெரியும்" என்றாள் துருவி. "வண்டியில ஏறுங்க."

கண்ணாடிக்கடை வாசலில் டயர்க்கடைக்காரர் இறங்க மறுத்தார். அந்தப் படியை மிதித்தால் காலை வெட்டிக்கொள்ள வேண்டும் என்றார். துருவியும் ஒட்டடையும் மட்டும் உள்ளே போனார்கள்.

கடைக்காரர் இஸ்திரி கலையாத சட்டையும் மெல்லிய குரலுமாக இருந்தார். "கணக்கு டீச்சர் நேத்து டயர் மாத்தினாங்களே, அதே மாதிரி எனக்கும் வேணும்" என்றாள் துருவி.

"அதே டயர் உங்களுக்கும் பொருந்தும்னு சொல்ல முடியாதும்மா. டீச்சர் போற ரோடு வேற."

"எந்த ரோடு?"

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் துருவியிடம் கொடுத்தார். டயர் வாங்க வருகிறவர்கள் நிரப்பிக் கொடுக்கிற படிவம். அந்தச் சமயம் பார்த்து ஒட்டடை, மூலையில் அடுக்கியிருந்த பழைய டயர்களைக் காட்டி, "இதெல்லாம் டீச்சர் வண்டியில கழட்டினதா?" என்று கேட்டான். கண்ணாடிச் சுவரின் வழியாக அவன் கை நீட்டியதைப் பார்த்ததுதான் தாமதம், டயர்க்கடைக்காரர் படியை மிதித்தே உள்ளே வந்துவிட்டார்.

"அது என் டயர்! நான் போட்ட டயர்!"

யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு டயரைத் தூக்கி நிறுத்தினார். ஓரத்தைத் தடவிய கை அங்கேயே நின்றுவிட்டது.

"வெளி ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு மேடம். நடு அப்படியே இருக்கு. வளைவு வளைவா ஓட்டினாத்தான் இப்படித் தேயும். இது மலைப்பாதைத் தேய்மானம். எங்க வண்டி மலை ஏறினதே கிடையாது!"

துருவி தாளை ஒட்டடையிடம் நீட்டினாள். "படி."

குண்டு குண்டான, ஒரு அடித்தல்கூட இல்லாத கையெழுத்து. டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ எழுத்துதான்" என்றார்.

ஒட்டடை படித்தான். "தினமும்: பன்னிரண்டு கிலோமீட்டர். வாரம் ஒரு நாள்: நூற்று நாற்பது. மலைப்பாதை, முப்பத்திரண்டு வளைவுகள், பெரும்பாலும் ஈரம். பயணம் செய்பவர்கள்: இரண்டு பேர். வேறு தேவைகள்..." அவன் நிறுத்தினான்.

"படின்னு சொன்னேன்ல?"

"பக்கத்து சீட்டில் இருப்பவர் வழி முழுக்கத் தூங்குவார். அவர் தூக்கம் கெடக் கூடாது. சத்தம் குறைவான டயராக வேண்டும்."

உள்ளே எங்கோ காற்றடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டயர்க்கடைக்காரர் அந்த வரியை ஒரு தடவை தானே வாங்கிப் படித்தார்.

"தூக்கம் கெடக் கூடாதாம்" என்றார். "ஆறு நாள் டயர் தூக்கிட்டு வந்து விழறேன். என் தூக்கத்தைப் பத்தி என்னைக்காவது யோசிச்சிருப்பாளா? எவனோ ஒருத்தன் பக்கத்துல படுத்துட்டு வர்றான், அவனுக்கு மெத்தை மாதிரி டயர்! அவன் யாராயிருந்தாலும் குடுத்து வச்சவன் மேடம்." பொறாமை அவர் கண்ணில் தண்ணீராகவே நின்றது. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மச்சானை இப்பவே வரச் சொல்றேன்."

துருவி போனின் மேல் கையை வைத்தாள். "ஒரே ஒரு விஷயம். ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"அப்பாவைப் பாக்கப் போவோம். முதியோர் இல்லத்துல இருக்காரு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"வண்டி ஓட்டறது யாரு?"

"அவதான். நான்தான் சொன்னேனே, ஆறு நாள் வேலை பாத்துட்டு என்னால முடியாது."

"எந்த வழி?"

"நேர் ரோடுதான். ஆத்துப் பாலம் தாண்டினா வந்துடும். போக அம்பது, வர அம்பது."

கண்ணாடிக்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் குறுக்கிட்டார். "எந்தப் பாலம் சார்? வெள்ளத்துல போச்சே, அதுவா? எட்டு மாசம் ஆச்சே. எல்லாரும் மலையைச் சுத்தித்தானே போறாங்க."

டயர்க்கடைக்காரர் அவரைப் பார்த்தார். துருவியைப் பார்த்தார். கடைசியில் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

ஒட்டடைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சார், வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கோம்! பேரு கிடைச்சிடுச்சு. ஆறு மணிக்கு மச்சான்கிட்ட உங்க பேரையே குடுத்துடுங்க."

"நான் ஒண்ணும் அப்படித் தூங்கறவன் இல்ல. சும்மா கண்ணை மூடிட்டு..."

"ரெண்டு வேகத்தடை சார். என் தலையில புடைச்சிருக்கு, தொட்டுப் பாருங்க."

சொல்லும்போதே ஒட்டடைக்கு உறைத்தது. துருவி அப்போதே மோப்பம் பிடித்துவிட்டாள். வேகத்தடையில் ஏற்றியவன் அவன், இடிபட்டவன் அவன், துப்பு மட்டும் பின் சீட்டுக்குப் போயிருக்கிறது. நாளைக்குப் பத்திரிகையில் இதுவும் அவள் பெயரில்தான் வரும்.

ஆனால் துருவி சிரிக்கவில்லை. தாளைத் திருப்பினாள். பின்பக்கம் இன்னும் ஒரு கேள்வி இருந்தது, பழைய டயரை மாற்றுவதற்கான காரணம். அதை அவளே படித்தாள்.

"போன மாதம் மழையில், பதினேழாவது வளைவில் வண்டி வழுக்கிப் போய்த் தடுப்புக் கல்லில் இடித்து நின்றது. பக்கத்து சீட்டில் இருப்பவர் விழிக்கவில்லை."

ஒட்டடைக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டயர்க்கடைக்காரர் பழைய டயரை மெதுவாக உருட்டி, அந்த நான்கு எண்களைத் தேடினார். தேட வேண்டிய அவசியமே இல்லை, அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"செஞ்சு ஆறு வருஷம் ஆன டயர்" என்றார். "ரப்பர் இறுகிப் போச்சு. வெய்யில்ல ஓடும், ஈரத்துல நிக்காது. விக்காம கிடந்துச்சு. வீட்டு வண்டிதானேன்னு போட்டுட்டேன். கடைக்கு வர்ற எவனுக்கும் இதைப் போட்டிருக்க மாட்டேன் மேடம். சத்தியமாப் போட்டிருக்க மாட்டேன்."

அப்படியே டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரம் கழித்துக் கண்ணாடிக்கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார். பொறாமை அவ்வளவு லேசில் போகிற சரக்கா?

"சரி. ஆனா தேர்ந்தெடுத்துக் குடுத்தது நீங்கதானே?"

"நானா? நான் காட்டினது இதைவிட விலை கூடினது. டீச்சர் ஒத்துக்கலை. 'வண்டிக்கு ஏழு வயசு, இன்னும் மூணு வருஷம்தான் வச்சிருக்கப் போறோம், மூணு வருஷ வண்டிக்கு ஆறு வருஷ டயர் எதுக்கு'ன்னாங்க. இன்னும் மலிவா ஒண்ணு காட்டினேன். அது ஈரத்துல நிக்காதுன்னு தள்ளிட்டாங்க. 'ரோட்டைப் பாத்து டயர் வாங்கணும், கடைக்காரன் மூஞ்சியைப் பாத்து வாங்கக் கூடாது'ன்னு ஒரு போடு போட்டாங்க பாருங்க! எனக்கே பொறாமையா இருந்துச்சு சார். இதெல்லாம் எங்க கத்துக்கிட்டாங்களோ."

"அது நான் சொல்றது" என்றார் டயர்க்கடைக்காரர். குரல் தரையோடு தரையாக இருந்தது. "இருபத்திரண்டு வருஷமா கஸ்டமர்கிட்ட நான் சொல்றது அது."

நாலேகால் மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டது. விடைத்தாள் கட்டோடு வந்த டீச்சர், தன் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற மூன்று பேரையும் பார்த்து நடையைத் தளர்த்தவில்லை.

"நீங்க துருவிதானே? பத்திரிகையில பாத்தேன்." ஒட்டடையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓரத்துல ஒரு கை மட்டும் தெரிஞ்சுதே, அது நீங்களா?"

ஒட்டடை அந்த நிமிஷமே அவள் கட்சிக்கு மாறிவிட்டான்.

"அண்ணன் மத்தியானமே போன் பண்ணினான், எதுக்கு உன் புருஷன் வரச் சொல்றாருன்னு" என்றாள் டீச்சர். "புரிஞ்சுக்கிட்டேன். ஆளைக் கண்டுபிடிச்சீங்களா?"

"கண்டுபிடிச்சோம்மா" என்றான் ஒட்டடை. "நாங்க பிடிக்கறப்பவும் தூங்கிட்டுதான் இருந்தாரு."

டயர்க்கடைக்காரர் வண்டியின் கைப்பிடியைப் பார்த்துப் பேசினார். "என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"மூணு தடவை கேட்டேன். வண்டியில கேட்டேன், 'உம்'னு சொல்லிட்டுத் தூங்கிட்டீங்க. வீட்டுல கேட்டேன், 'இன்னும் ஓடும்'னீங்க. மூணாவது தடவை, வழுக்கின மறுநாள், கடைக்கே வந்தேன். சிவப்பு வண்டியில வந்த ஒரு அம்மாகிட்ட பேசிட்டிருந்தீங்க. எந்த வழியில போவீங்க, யாரு கூட வருவாங்க, மழையில ஓட்டப் பயமா இருக்கான்னு அரை மணி நேரம் கேட்டீங்க. தூணுக்குப் பின்னாடி நின்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"அவங்க கஸ்டமர்..."

"கஸ்டமர்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வயிறு எரிஞ்சுது. அந்த அம்மா மேல எனக்கு அப்படி ஒரு பொறாமை. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மழையில உனக்குப் பயமா இருக்கான்னு என்னைக் கேட்டிருக்கீங்களா? அதான் கஸ்டமரா இருந்து பாக்கலாம்னு வேற கடைக்குப் போனேன்."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் தேவலை என்று ஒட்டடைக்குத் தோன்றியது. துருவி வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

டயர்க்கடைக்காரர் போனை எடுத்தார். "மச்சானை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"வேண்டாம். வரட்டும். எதுக்கு வரச் சொன்னீங்கன்னு நீங்களே சொல்லுங்க. பதினேழாவது வளைவையும் சேத்துச் சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன், பக்கத்துல உக்காந்து கேக்கறேன்."

தப்பிக்க வழி இருக்கிறதா என்று அவர் துருவியைப் பார்த்தார். துருவி தலையை ஆட்டவே இல்லை. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"சொல்றேன்" என்றார். பிறகு கையை நீட்டினார். "சாவியைக் குடு. இனிமே ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன்."

டீச்சர் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "வழி தெரியுமா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊரில் யார் எந்த ரோட்டில் போகிறார்கள் என்பது அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எட்டு மாதம், வாரா வாரம், தன் அப்பாவைப் பார்க்கத் தானே போய்வந்த ரோடு மட்டும் அவர் நினைவில் எங்கேயும் இல்லை.

"தெரியாது" என்றார்.

டீச்சர் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.